வேலிச் சேலை

எழுந்ததும் சுதாகரன் பாயைச் சுருட்டிக் கரும்பலகைக்கு அடியில் வைத்தான். இரவில் ஓரமாய் ஒதுக்கியிருந்த மேசைகளைப் பழைய இடத்துக்குத் தள்ளினான். அது பள்ளிக்கூடத்தின் ஏழாம் வகுப்பு அறை. மழைக்கு முன்னால் அவன் அங்கே புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தான். இப்போது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் சனம் முழுவதும் அங்கேதான் படுத்தது. குழாயடியில் பல் துலக்கினான். முகம் கழுவினான். மாமனார் சின்னராசா நீட்டிய பிளேன்டீயைக் குடித்து முடித்தான். ஈரம் காயாத பூட்சுக்குள் காலை நுழைத்தான். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும் இப்படித்தான்.

சின்னராசா பின்னாலேயே வந்தார். காலம் பூராவும் தேயிலை கவ்வாத்து வெட்டிய கை அவருக்கு. அந்தக் கையில் இப்போது அலவாங்கு இருந்தது. சட்டைப் பையில் சூடம் இருந்தது. வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மருமகன் வாயைத் திறந்தால் தான் உடைந்துவிடுவோம் என்று மாமனாருக்குப் பயம். சுதாகரனுக்கு அந்தப் பயமும் இல்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் அவனுக்கு ஒன்றுமே இல்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது.

சேற்றுத் திடலுக்கு வந்ததும் சின்னராசா ஒரு கல்லின் மேல் சூடத்தை ஏற்றினார். கல்லுக்குப் பக்கத்தில், சேற்றிலிருந்து ஒரு முழம் நீலச் சேலை வெளியே கிடந்தது. மீதி உள்ளே போயிருந்தது. கும்பிட்டுவிட்டு அவர் அலவாங்கால் கற்களை நெம்பினார். சுதாகரன் மண்ணை அள்ளி அந்தப் பக்கம் போட்டான். பக்கத்துச் சேறு நழுவி வந்து குழியை நிரப்பியது. மறுபடியும் அள்ளினான்.

அவன் மனைவி வினோதா அங்கே இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

இடத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஓடை தோட்டத்து ரோட்டுக்கு அடியில் ஒரு சிறு பாலத்துக்குள் நுழைந்து, லயத்தின் பின்சுவரை ஒட்டிக்கொண்டு போய், மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் விழுகிறது. லயத்துக்கும் ஓடைக்கும் நடுவில் ஒரு கரை. முன்பெல்லாம் அந்தக் கரையில் தண்ணீர் ஓரம் வரைக்கும் தேயிலைதான் நின்றது. புல்லுக்கு அடித்த மருந்து நேரே ஓடையில் இறங்கியது. மழை பெய்தால் தண்ணீர் சாயம் கெட்ட தேத்தண்ணி மாதிரி ஓடியது. மீன் இல்லை. நண்டு இல்லை. ஒவ்வொரு மழைக்கும் கரை கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்து, லயத்தின் பின்சுவரை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கரையைத் திருப்பி எடுத்தது கொழுந்து பறிக்கிற பெண்கள். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மாலையில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் ஓடையில் இறங்கினார்கள். பூரணி அவர்களுக்குத் தலைவி. வினோதா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். ஓடைக்காவல் என்று கூட்டத்துக்குப் பெயர் வைத்தவள் அவள்தான். மருந்து அடிக்க வந்தவர்களை மறித்து நின்றார்கள். மேற்பார்வைக் கண்டாக்கு கத்தினார். துரை பங்களா வரைக்கும் போய் நின்று, கடைசியில் கரையோரத்தை மட்டும் விட்டுத்தர வைத்தார்கள். காட்டோரத்திலிருந்து நாவலும் மூங்கிலும் மரப்பன்னமும் கொண்டுவந்து நட்டார்கள்.

“நம்ம பாட்டனுங்க வெட்டித் தள்ளுன காட்ட நாம திருப்பி வைக்கிறோம். அவுங்களுக்காச்சும் அரைவயித்துக் கூலி குடுத்தான். நமக்கு அதுவுமில்ல” என்று பூரணி சொல்வாள்.

நண்டு திரும்பி வந்த அன்று வினோதா அதை ஒரு பேசினில் போட்டுப் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோனாள். பிள்ளைகள் பார்த்து முடித்ததும் அதே பேசினோடு வந்து ஓடையிலேயே திரும்ப விட்டாள்.

கரை நிற்பதற்கு அந்தப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் மூங்கில் கம்புகளை நெருக்கி அடித்து, பழைய சேலைகளை அகல விரித்து, கம்புக்கு உள்ளும் வெளியிலுமாகப் பின்னி இழுத்துக் கட்டுவார்கள். வெள்ளம் ஏறினால் தண்ணீர் சேலை வழியே வடிந்துபோகும். மண் பின்னால் தங்கும். தங்கிய மண்ணில் வெட்டிவேரை ஊன்றுவார்கள். மரக்கறித் தோட்டத்துக்குச் சேலையால் வேலி கட்டாத வீடு அந்த மலையில் இல்லை. அதையே ஓடைக்கும் கட்டினார்கள். ஒவ்வொருத்தியும் தன் சேலையைத் தானே கொண்டுவந்து கட்டினாள்.

“இது எங்க மூத்தவன் பொறந்தப்ப எடுத்தது.”

“இது அந்தாளு குடிச்சிட்டு வந்து அடிச்சதுக்கு மறுநா வாங்கிக் குடுத்தது. நல்லா இறுக்கிக் கட்டுடி, மண்ணு தின்னட்டும்.”

நவம்பர் கடைசியில் மழை விடாமல் கொட்டியது. மழை விடாவிட்டால் ஓடைக்காவலில் இரண்டு பேர் ரோட்டுப் பாலத்துக்குப் போவது வழக்கம். பாலத்து வாயில் அடைக்கும் கிளைகளை இழுத்துப் போடாவிட்டால் தண்ணீர் பாலத்தைத் தாண்டிக் குதித்து லயத்தின் முதுகில் அடிக்கும். அன்று மாலை வினோதாவும் பூரணியும் போனார்கள். ஒரு பெரிய கட்டை குறுக்கே சிக்கிக்கொண்டது. கையால் அசையவில்லை. அலவாங்கு எடுத்து வருகிறேன் என்று பூரணி கீழே ஓடினாள். அவள் திரும்பியபோது பாலம் இல்லை. ரோடு இல்லை. மேலிருந்த மலைச்சரிவு மண்ணாகி ஓடையோடு இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே வேலியின் ஒரு பக்கம் பிய்ந்து போனது. கரை நின்றது. கரைக்குப் பின்னால் லயமும் நின்றது. மேலே இன்னும் மண் சரியலாம் என்று சனத்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டார்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு, ஓடை நீர்த்தேக்கத்தில் சேரும் இடத்தில் ஒரு சேற்றுத் திடல் உண்டாகியிருந்தது. அதில்தான் நீலச் சேலையின் நுனி தெரிந்தது. முதலில் பார்த்தவர் சின்னராசா. பிடித்து இழுத்தார், வரவில்லை. “எம்புள்ள சேல! தலத் தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்த சேல!” என்று சேற்றிலேயே விழுந்து கத்தினார். தாயில்லாமல் அவர் ஒற்றையாய் வளர்த்த பிள்ளை. சனம் முழுவதும் ஓடிவந்து அழுதது. பொலிஸும் இராணுவமும் வந்து கையால் தோண்டிப் பார்த்துவிட்டு, வேறு மண்சரிவுகளுக்குப் போய்விட்டார்கள்.

சுதாகரன் அப்போது அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். அந்தச் சேலையைக் கம்பில் கட்டியபோது கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். பிள்ளைக்காம்பராக் கதவு ஆணியில் மாட்டி அது குறுக்கே கிழிந்துவிட்டது. தைத்தால் போதும் என்று அவன் சொன்னான். “தச்சா தெரியும். அப்பா பாத்தா வருத்தப்படும். வேலிக்குப் போயிட்டா எங்கன்னு கேக்காது” என்று அவள் சொன்னாள். காணாமல்போன அன்று அவள் சேலையே கட்டியிருக்கவில்லை. அவனுடைய பழைய காற்சட்டையும் மழைக்கோட்டும் போட்டிருந்தாள்.

அதைச் சொல்ல அவன் வாயைத் திறந்ததும் உண்டு. ஆனால் சேலையோடு அவள் இல்லை என்றால் தோண்ட வேறு இடம் இல்லை. மிச்சம் இருப்பது நீர்த்தேக்கம் மட்டும். அதன் அடியில் அணை கட்டியபோது மூழ்கிய பழைய ஊரே கிடக்கிறது. ஓடையின் வேகமும் சரிவின் கோணமும் அவனுக்குத் தெரியும்; பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியவன். பாலத்தடியிலிருந்து போனது எதுவும் அந்தத் திடலில் தங்காது. வாயை மூடிக்கொண்டான். மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அது நடந்தது. பதினாறாம் நாள் காரியம் செய்ய வேண்டிய நாளும் போயிற்று. உடம்பு கிடைக்காமல் செய்ய மாட்டேன் என்று சின்னராசா சொல்லிவிட்டார்.

அன்று காலை இருவரும் தோண்டிக்கொண்டிருக்கையில், வெயில் கொஞ்சம் ஏறியதும் மேலே ஓர் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. மண் தோண்டும் மஞ்சள் நிறப் பெக்கோ ஒன்று லயத்து முற்றத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ரிஃகான். மஸ்கெலியா டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் ராசிக் முதலாளியின் மகன், சுதாகரனிடம் படித்தவன்.

“சேர், வாப்பாதான் அனுப்பினாரு. முந்தியே வந்திருப்பேன், ரோடு இல்ல” என்றான். சேற்றைப் பார்த்தான். கரையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “நாளைக்கு விடிய நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ரோடு தொறக்கப் போகணும். இன்டைக்கு மட்டுந்தான் ஏலும். ஆனா சேர், எறங்குறதுக்கு இந்தப் பக்கம் ஒண்டுந்தான் வழி.”

அவன் கை காட்டிய பக்கம் கரை. மூங்கிலும் நாவலும் நெருக்கமாக நின்ற இடம்.

“தள்ளித்தான் ஆகணுமா?” என்றார் சின்னராசா.

“தள்ளாம எறங்க ஏலாது மாமா. துரைக்கிட்டக் கேட்டேன். மரத்துக்காரவங்க சரின்டா எனக்கென்னன்டு சொல்லிட்டாரு.”

மரத்துக்காரவங்க என்றால் ஓடைக்காவல். ஆள் போய்ச் சொன்னதும் பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இறங்கி வந்தார்கள். அன்று தோட்டத்தில் வேலை இல்லை. பூரணி முன்னால் வந்தாள். அந்த மாலைக்குப் பிறகு அவள் சுதாகரனின் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. இப்போதும் அவன் பூட்சைப் பார்த்துத்தான் பேசினாள்.

“தள்ளச் சொல்லுங்க தம்பி. மரந்தானே. திரும்ப வைக்கலாம்.”

“அக்கா, அடுத்த மழை எப்பன்னு தெரியாது” என்றான் சுதாகரன். “கரையப் பிச்சா தண்ணி லயத்துக்குத் திரும்பும்.”

“திரும்புனா திரும்பட்டும். பள்ளிக்கூடம் இருக்குல்ல. படுத்துப் பழகிட்டோம்.”

கூட்டத்தில் சின்னவள் சுலக்ஷனா. அவளுக்கு வாய் சும்மா இருக்காது. “சந்தியில கட்சிக்காரனுங்க வினோதாக்கா படத்தப் போட்டு போர்டு கட்டியிருக்கானுங்களே. கரையைக் கைவிடாதீர்கள்னு வினோதாக்கா கடைசியாச் சொல்லுச்சாம். அந்தப் படத்தத் தாண்டித்தான் நான் தெனமும் கடைக்குப் போறேன். நாளைக்கு அந்த மூஞ்சிய எப்படிப் பாக்குறது?”

“போர்டுல என்ன வேணும்னாலும் போடுவானுங்க” என்றாள் பூரணி. “ஒரு வாளி மண்ணு சொமந்தானுங்களா? போட்டோ எடுக்கத்தான் வந்தானுங்க. நீ மண்வெட்டிய எடு.”

“ஏங்க்கா, நான் சொல்றது…”

“வாய மூடுடி. அந்த மனுசன் தெனமும் சேத்த அள்ளி அள்ளிப் போடுறாரு. பாத்துக்கிட்டுத்தானே இருக்க?”

சுலக்ஷனா மண்வெட்டியை எடுத்தாள்.

சின்னராசா சுதாகரனின் கையைப் பிடித்துக்கொண்டார். “மாப்புள, சரின்னு சொல்லுங்க. ஒரு எலும்பாச்சும் கெடச்சா போதும். எம்புள்ளைய சேத்துல விட்டுட்டு நான் எப்படிச் சாவேன்?”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ரிஃகான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்ன நிமிஷமே அவள் இல்லாமல் போய்விடுவாள். இப்போது அவள் ஒரு சேற்றுக்கு அடியிலாவது இருந்தாள்.

“சரி” என்றான்.

இயந்திரம் இறங்குவதற்கு முன்னால் காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்ற வேண்டும் என்று பூரணி சொன்னாள். பெண்கள் கரையில் பரவினார்கள். சின்னக் கன்றுகளை வேரோடு தோண்டி உரப்பைகளில் வைத்தார்கள். வெட்டிவேரைக் கட்டுக் கட்டாகப் பிடுங்கினார்கள். அந்த வேர் அவ்வளவு சுலபமாக வரவில்லை. “விடு, விடுன்னா விட மாட்டேங்குது பாரு” என்று ஒருத்தி மூச்சு வாங்கினாள். “நாமதானே இப்படிப் பிடிச்சுக்கச் சொல்லி வச்சோம்” என்றாள் இன்னொருத்தி. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வேலிக்கு வந்தார்கள். வெள்ளத்தில் போகாமல் மிஞ்சிய வேலி. கம்புகளில் சேலைகள் சேறு காய்ந்து விறைத்துப்போய், எல்லாம் ஒரே மண் நிறமாகக் கிடந்தன. பூவும் தெரியவில்லை, சேலைக் கரையும் தெரியவில்லை. சுதாகரனுக்கு ஒன்றுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பெண்கள் ஒருவரையொருவர் கேட்கவில்லை. தேடவில்லை. ஒவ்வொருத்தியும் நேராகத் தன் கம்புக்குப் போனாள். தன் முடிச்சைத் தானே அவிழ்த்தாள். சேலையை உதறி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். பூரணி தன்னுடையதை அவிழ்த்து முடித்துவிட்டு, வேலி பிய்ந்துபோன இடத்துக்கு வந்தாள். அங்கே ஒரு கம்பு மட்டும் சாய்ந்து நின்றது. அதில் ஒரு முடிச்சும் விரற்கடை அளவு துணியும் மிச்சம் இருந்தன. காய்ந்த சேறு உதிர்ந்து நீலம் தெரிந்தது. பூரணி அந்த முடிச்சின் மேல் கையை வைத்தாள். அவிழ்க்கவில்லை. தலையைத் திருப்பிச் சேற்றுத் திடலில் கிடந்த சேலையைப் பார்த்தாள். சட்டென்று சுதாகரனைப் பார்த்தாள். அவன் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டு அடுத்த கம்புக்குப் போய்விட்டாள்.



“எல்லாரும் ஒதுங்குங்க!” என்று ரிஃகான் கத்தினான்.

பெக்கோ கரையில் ஏறியது. வாளியை மூங்கில் குத்துக்கு அடியில் நுழைத்து நெம்பினான். குத்து முதலில் அசையவில்லை. இயந்திரம் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு உறுமியது. பிறகு நிலத்துக்கு அடியில் கயிறுகள் அறுபடும் சத்தம் வரிசையாகக் கேட்டது. குத்து சாய்ந்தது. வேரோடு கரையின் ஒரு பெரிய துண்டும் பிளந்துகொண்டு போனது. பிளந்த இடத்தில் ஓடை ஒரு நிமிஷம் தயங்கியது போல இருந்தது. பிறகு விரல் தடிமனில் தண்ணீர் உள்ளே வந்தது. விரல் கை ஆனது. மண்ணைக் கரைத்துக்கொண்டு, சரிவைப் பார்த்துப் பார்த்து, லயத்தின் பின்சுவரை நோக்கிப் போனது. மழைகூட இல்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பூரணியின் காம்பரா அந்தச் சுவருக்குப் பின்னால்தான். அவள் தண்ணீரைப் பார்த்தாள். மடித்த சேலையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் நின்றார்கள்.

ரிஃகான் அடுத்த குத்துக்கு வாளியைத் திருப்பினான்.

“நிப்பாட்டு!”

தன் குரல்தான் என்று சுதாகரனுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓடிப்போய் இயந்திரத்துக்கு முன்னால் நின்றான். “நிப்பாட்டுடா. மூடு. அந்த எடத்த மொதல்ல மூடு!”

“சேர்?”

“அங்க அவ இல்ல. தோண்ட வேணாம்.”

சின்னராசா வழுக்கிக்கொண்டு ஓடிவந்தார். “என்ன மாப்புள சொல்றீங்க? சேல அங்க கெடக்குது. கண்ணு தெரியலயா உங்களுக்கு?”

“அது வேலியில கட்டுன சேல மாமா. இந்தத் தீவாளிக்கு முந்தி அவளே கட்டுனது. நான் கம்பப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு அவ போட்டுக்கிட்டுப் போனது என்னோட காற்சட்ட.”

சின்னராசா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். கவ்வாத்துக் கை மேலே எழுந்தது. அடிக்கப்போகிறார் என்று சுதாகரன் நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான். கை அப்படியே காற்றில் நின்றது.

“தெரிஞ்சே தோண்டுனீங்களா?”

“ஆமா.”

“என்னையும் தோண்ட விட்டீங்களா? தெனமும் நான் சூடம் கொளுத்திக் கும்புட்டது வேலிச் சேலையையா?”

சுதாகரன் தலையை ஆட்டினான்.

“அவரத் திட்டாதீங்க மாமா” என்றாள் பூரணி. “எங்களுக்குந் தெரியும். அந்த முடிச்ச மறுநா வந்து இறுக்கிப் போட்டது நான். வினோதாவுக்கு இறுக்க வராது, எப்பவும் நான்தான் போட்டுக் குடுப்பேன். பாத்தவொடனயே எல்லாருக்குந் தெரியும்.”

சுதாகரன் அவள் பக்கம் திரும்பினான். “பின்ன ஏன்க்கா சொல்லல?”

“உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சோம் தம்பி. தோண்டுறதுக்கு ஒரு எடமாச்சும் இருக்கட்டும்னு…” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். “நான் அலவாங்குக்குப் போகாம இருந்திருக்கலாம்.”

“போகாம இருந்திருந்தா என்னக்கா? ரெண்டு பேராப் போயிருப்பீங்க.”

ஆறுதலாக அவன் அதைச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் மாதிரிச் சொன்னான். பூரணிக்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

ரிஃகான் பெக்கோவைத் திருப்பினான். சாய்ந்த மூங்கில் குத்தை வாளியால் அணைத்து நிமிர்த்தி, பிளந்த இடத்தில் வைத்து அழுத்தினான். சுற்றிலும் மண் போட்டுத் தட்டினான். தண்ணீர் இன்னும் கசிந்தது. சுலக்ஷனா இடுப்பில் செருகியிருந்த சேலையை உருவிக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் போனார்கள். முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு கம்புகளை அடித்தார்கள், சேலைகளைப் பின்னினார்கள். பிடுங்கிய வெட்டிவேரைத் திருப்பித் திணித்தார்கள். பிடிக்குமோ, பிடிக்காதோ. யாருக்கும் தெரியவில்லை. மேற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது.

பெக்கோ போய்விட்டது. போகும்போது ரிஃகான் இறங்கி வந்து சுதாகரனின் தோளில் கையை வைத்துவிட்டு ஏறிக்கொண்டான். இனி இந்த இடத்தைத் தோண்ட யாரும் வரமாட்டார்கள். வேறு எந்த இடத்தையும் தோண்டமாட்டார்கள்.

சின்னராசா திடலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சுதாகரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இருவருக்கும் முன்னால் நீர்த்தேக்கம் விரிந்து கிடந்தது. அதன் மேல் வெள்ளத்தில் வந்த கட்டைகளும் போத்தல்களும் மிதந்தன. அங்கே பார்க்காமல் இருக்க இருவரும் முயன்றார்கள்.

“டேமுக்குள்ளதானா?” என்றார் சின்னராசா.

“ஆமா மாமா.”

“தேட ஏலாதா?”

“ஏலாது.”

“நேவிக்காரங்க?”

“பாத்துட்டாங்க. ஆழம். அடியில பூராச் சேறு.”

ஓடையில் பெண்கள் கம்பு அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“தலத் தீவாளிச் சேலைய எதுக்கு வேலிக்குக் கட்டுனா?”

“ஆணியில மாட்டிக் கிழிஞ்சிருச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டா.”

“திருட்டுக் கழுத” என்றார் சின்னராசா. அவர் தொண்டையிலிருந்து வந்தது சிரிப்பு மாதிரித்தான் தொடங்கியது. பிறகு அது வேறாகிவிட்டது. சுதாகரன் அவர் முதுகில் கையை வைத்தான். தன் கைக்கு அடியில் அந்த எலும்பும் தோலும் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனக்கும் அப்படி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

“கரைய விட்டுறாதீங்கன்னு சொன்னாளாமே” என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. “அதாச்சும் நெசமா?”

“இல்ல மாமா. அவ அப்படி ஒண்ணும் சொல்லல.”

“பின்ன என்னதான் சொன்னா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா மாப்புள. நான் அந்நேரம் படுத்துத் தூங்கிட்டேன். உங்ககிட்டயாச்சும் என்னமோ சொல்லியிருப்பாள்ல. ஒளிக்காமச் சொல்லுங்க.”

சுதாகரனிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. பொலிஸ் எத்தனை மணிக்குப் போனாள் என்று கேட்டது. பத்திரிகைக்காரன் படம் கேட்டான்.

அன்று பிற்பகல் கூரை ஒழுகிக் காம்பரா முழுவதும் நனைந்திருந்தது. அவன்தான் பழைய சாக்கைப் போட்டுத் தரையைத் துடைத்து முடித்திருந்தான். இடுப்பு வலித்தது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். வெளியே பூரணி கூப்பிட்டாள். வினோதா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். முற்றத்துச் சேற்றில் ஒரு காலை வைத்தாள். திரும்பி, துடைத்த தரையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள்.

“சேத்துக் காலோட உள்ள வருவேன், கத்தக்கூடாது. இப்பவே சொல்லிப்புட்டேன்.”